காவேரியின் முறை

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஏறி சூளகிரிப் பக்கம் இறங்குகிற கம்பெனி பஸ்ஸில் குருமூர்த்திக்கு என்று ஒரு தனி மரியாதை இருந்தது. வேலையில் அவன் சுமார்தான். சி.என்.சி. மெஷினில் உதிரி பாகம் கடைகிற கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன். சூப்பர்வைசருக்கு அவன் பெயர்கூட நேராக வாயில் வராது. ஆனால் பஸ்ஸில் ஏறிவிட்டால் கதையே வேறு. "குரு, ஆர்ச்சர எடுக்கலாமா, மேஜ எடுக்கலாமா?" என்று முன்சீட்டிலிருந்து ஒருவன் திரும்பிக் கேட்பான். குருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கலெக்டர் மனு வாங்குகிற தோரணையில் பதில் சொல்வான்.

எல்லாம் செல்போனில் ஆடுகிற ஒரு சண்டை விளையாட்டைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பஸ்ஸில் எல்லாரும் 'கோட்டை' என்றே சொல்வார்கள். கட்டம் போட்ட தரையில் நம் வீரர்கள் ஒரு பக்கம், பூதங்கள் ஒரு பக்கம். நாம் நகர்த்தினால் பிறகு பூதங்கள் நகரும், பிறகு மறுபடி நாம். அவசரமே கிடையாது. நாளெல்லாம் மெஷின் விரட்டுகிற பிழைப்பில், யோசித்துச் செய் என்று நேரம் கொடுக்கிற ஒரே சமாச்சாரம் அதுதான் என்பான் குருமூர்த்தி.

வீரர்களில் பல வகை. மேஜ் என்பவள் மந்திரக்காரி. நெருப்பை வீசினால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற பூதங்கள் மொத்தமாகக் கருகும், ஆனால் அடுத்த முறை மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்பாள். ஆர்ச்சர் தூரத்திலிருந்து அம்பு விடுவான். குறி தப்பாது, ஆனால் பலமாக ஒரு அடி விழுந்தால் சுருண்டுவிடுவான். கேடயக்காரன் வெட்டுவதெல்லாம் ஒப்புக்குத்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு வருகிற அடியைத் தான் வாங்கிக்கொள்வது அவன் வேலை. ஹீலர் யாரையும் அடிப்பதே இல்லை. காயம் பட்டவனைத் தொட்டுத் தேற்றுவாள், அவ்வளவுதான்.

"ஹீலர் தண்டம்," என்பான் குருமூர்த்தி. "நாலு பேருக்குத்தான் எடம். அதுல ஒருத்தி சும்மா தடவிக் குடுத்துக்கிட்டு நின்னா எப்பிடி? அடிக்கிறவன் நாலு பேரு இருந்தா காயமே வராது. காயம் வந்தாத்தான மருந்து?" இதை வாய்ஸ் மெசேஜாகவும் பேசி பஸ் குரூப்பில் போட்டிருந்தான். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்து சீட்டு முனிவேல் மட்டும் கொட்டாவி விட்டான். தேன்கனிக்கோட்டைக்காரன் அவன். எங்க ஊர்ல நெஜ யானையே வந்து ராகியத் தின்னுட்டுப் போவுது, இதுல பூதம் வேறயா என்று கேட்கிற ஆள்.

இந்த ஹீலர் விஷயத்தில் குருவை ஒத்துக்கொள்ளாத இன்னொரு ஆள் அவன் பெண்டாட்டி காவேரி.

குருமூர்த்தி கல்லாவியில் பிறந்தவன். மழை பெய்தால் கடலை, இல்லாவிட்டால் கட்டாந்தரை என்கிற கொல்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஊரில் பாதிப் பையன்கள் மாதிரி ஓசூர் பஸ் ஏறினான். பாரூர் நாராயணப்பனின் ஒரே மகளைக் கட்டி வைத்தபோது அவன் சொந்தக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற குடும்பம் அது. காவேரி ஓசூருக்கு வந்ததும் செல்போன் பாகம் பூட்டுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்துகொண்டாள். இவனுக்குப் பகல் ஷிப்ட், அவளுக்குச் சாயங்கால ஷிப்ட். இவன் வீட்டுக்கு வரும்போது அவள் பஸ் கிளம்பியிருக்கும். ஒரே அறையில் குடியிருந்தும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அதனால்தான் அவள் போனிலும் கோட்டையை ஏற்றிக் கொடுத்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆளுக்கு இரண்டு வீரர்கள். ஒருவர் நகர்த்தியதும் மற்றவர் போனில் 'டிங்' என்று சத்தம் வந்து 'உங்கள் முறை' என்று காட்டும். ஒரு நாளுக்குள் ஆடாவிட்டால் விளையாட்டே அவருக்குப் பதிலாகத் தானாக நகர்த்திவிடும். குரு ஆர்ச்சரையும் மேஜையும் எடுத்துக்கொண்டான். காவேரி கேடயக்காரனை எடுத்து, முனியப்பன் என்று பெயர் வைத்தாள். பிறகு இவன் தலையில் அடித்துக்கொண்டும் கேளாமல் ஹீலரையே எடுத்து, செவ்வந்தி என்று பெயர் வைத்தாள்.

"ஏன்டி மானத்த வாங்கற? பஸ்சுல தெரிஞ்சா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். உங்க ஆளு அடி வாங்கிட்டு வந்து நின்னா யாரு பாக்கறது? உங்க பஸ்சா?"

அந்த நாட்களில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்துப் பார்ப்பான். செவ்வந்தி அவனுடைய ஆர்ச்சரைத் தேற்றி வைத்திருப்பாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும் அவனுக்கு. பதிலுக்கு ஒரு நகர்த்து நகர்த்திவிட்டு வேலைக்கு ஓடுவான். போகப் போக, போன் போட்டுப் பேசுவது குறைந்தது. சாப்ட்டியா என்று கேட்க வேண்டிய இடத்தில் ஆர்ச்சரை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். பேசியாகிவிட்டது என்றே நினைத்தான். பாவி மகன், அதை மெய்யாகவே நம்பினான்.

காவேரிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. சாதாரண வலி இல்லை என்று ரத்தத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குருவுக்குப் போன் போட்டாள். போன் லாக்கரில் கிடந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டு அனிதா ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டீ இடைவேளையில் குரு போனை எடுத்தான். காவேரியின் மிஸ்டு கால்கள் வரிசையாக இருந்தன. கேஸ் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வந்திருக்காது, அதற்குத்தான் என்று நினைத்தான். அதற்குக் கீழேயே கோட்டையும் நின்றுகொண்டிருந்தது. மூன்று பூதங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, மேஜுக்கு லட்டு மாதிரி. இடைவேளை முடிகிற நேரம். நெருப்பை வீசிவிட்டு, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று லாக்கரைப் பூட்டினான்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எல்லாம் முடிந்திருந்தது. காவேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

"உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் கூப்புடறீங்கன்னு எடுத்தன். உங்க முறைன்னு வந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள் நாராயணப்பன் ஆஸ்பத்திரிக்கே கார் வைத்துக்கொண்டு வந்து, மகளைப் பாரூருக்குக் கூட்டிப் போனார். ஏறும்போது மருமகனின் கையைப் பிடித்து, "ஒடம்பு தேறட்டும் மாப்ள. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க," என்றார். இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். மனக்கசப்போடு தாய்வீடு போன பெண் தானாகத் திரும்ப மாட்டாள். புருஷன் போய் வாசலில் நிற்க வேண்டும், நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், கூட்டி வர வேண்டும். குருவுக்கும் அது தெரியாதது இல்லை.

முதலில் தினமும் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். அறையில் அவளுடைய கம்பெனிக் கோட்டு ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல், வேலை முடிந்தாலும் ரோட்டோரக் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவான். கோட்டையைத் திறந்தால் அங்கும் அவள் இல்லை. அவள் ஆட்களை விளையாட்டே நகர்த்திக்கொண்டிருந்தது. அது குருவுக்குப் பார்த்த உடனே தெரியும். விளையாட்டு தானாக ஆடினால் கேடயக்காரன் கண்ணில் பட்ட முதல் பூதத்தின் மேல் போய் விழுவான், முட்டாள் மாதிரி. யாரையும் மறைத்து நிற்கிற புத்தி அதற்குக் கிடையாது.

ஒரு நாள் பஸ்ஸில் போனைத் திறந்தவன் துள்ளி எழுந்தான். முனியப்பன் முன்னால் ஓடவில்லை. இரண்டு கட்டம் பின்னால் வந்து, குருவின் ஆர்ச்சருக்கு நேர் முன்னே, கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நின்றான்.

"டேய் முனிவேலு! அவ ஆடறாடா! மிஷினு இப்பிடி ஆடாது. மனுசங்கதான் ஆடுவாங்க. என் ஆளுக்கு அடி பட்டுடக் கூடாதுன்னு கொண்டாந்து நிறுத்தியிருக்கா பாரு!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. முனிவேல் போனையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். "நல்லதாப் போச்சு. அப்ப இந்த ஞாயித்துக்கெழம போய் இட்டுக்கிட்டு வா," என்றான்.

"இரு இரு. இப்பத்தான் மனசு எறங்கி வர்றா. நான் போய் நின்னா மறுபடி கிளறிவிட்ட மாதிரி ஆயிடும்."

"ஏம்பா, பொண்டாட்டிய இட்டாரதுக்கு நாளு நட்சத்திரமா பாக்கற?"

குரு கேட்டால்தானே. மறுநாளும் ஆட்டம் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. சில நாள் செவ்வந்தி தடுமாறுவாள், காயமே இல்லாதவனைப் போய்த் தேற்றுவாள். பாவம், மனசு சரியில்லை என்று இவனே அர்த்தம் சொல்லிக்கொள்வான். முனியப்பன் மட்டும் ஆர்ச்சரை விட்டு நகரவே மாட்டான். போன் போடுவதைக் குரு நிறுத்திவிட்டான். அவளைத் தொந்தரவு செய்வானேன்? அதுதான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்களே. குரூப்பில் புதிதாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். ஹீலரைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் தப்பு, அடிக்கிறவன் நாலு பேர் இருந்தாலும் ஆட்டம் நீடித்தால் தேற்றுகிறவள் இல்லாமல் முடியாது, மேஜைவிட ஆர்ச்சரைவிட அவள்தான் முதல் என்று பேசினான். கோட்டை ஆடக் கற்றுக்கொடுத்தபோது காவேரியையும் அவனே அந்த குரூப்பில் சேர்த்திருந்தான். அவள் கேட்கட்டும் என்றுதான் பேசினான்.

நடுவில் ஒரு தரம் நாராயணப்பன் போன் செய்தார். "ஊர்ல மாரியம்மன் பண்டிக வெச்சிருக்கறம். வாங்க மாப்ள."

"லீவு குடுக்க மாட்டேங்கறாங்க மாமா. காவேரி என்னா சொல்றா?"

"அவ என்னத்த சொல்லுவா? வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீங்க ஒரு நட வந்தீங்கன்னா எல்லாம் சரியாப் போவும்."

குரு மனசுக்குள் சிரித்துக்கொண்டான். வாயைத் திறக்க மாட்டாளாம்! அப்பாவுக்குத் தெரியாமல் என்னோடு ஆடிக்கொண்டிருக்கிறாள், கள்ளி. கிழவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். ஆட்டம் கடைசிக் கோட்டைக்கு வந்திருந்தது. அதைப் பிடித்தால் முடிந்தது. அதைப் பிடித்த கையோடு போய் நிற்க வேண்டும், சிரித்துக்கொண்டே கூட்டி வர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டான். அந்தக் கணக்கிலேயே மாதம் மாதமாகப் போனது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோட்டை விழுந்தது. ஒருவரும் சாகவில்லை, நாலு பேரும் உயிரோடு உள்ளே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, மல்லிகையும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு கிளம்பினான். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினான். வழியெல்லாம் மாந்தோப்பு, மாம்பழக் கூழ் கம்பெனிகளின் லாரிகள். காவேரி முதலில் திட்டுவாள், பிறகு அழுவாள், பிறகு பையைக் கட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே போனான்.

காவேரி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்றாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிற 'வாங்க'தான் அது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த நாராயணப்பன் மருமகனைப் பார்த்ததும் முகம் மலர எழுந்து வந்தார்.

குருவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தான்.

"நேத்து முனியப்பன அந்தக் கடைசி மூலைல கொண்டாந்து நிறுத்துன பாரு காவேரி, நானே நெனச்சுப் பாக்கல. அவன் இல்லன்னா என் ஆளு செத்திருப்பான்."

காவேரி அவனையே பார்த்தாள். "என்னா சொல்றீங்க?"

"கோட்டை. நம்ம ஆட்டம்."

"அந்தப் போன நான் கையால தொடல. ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கே சிம்மக் கழட்டி பட்டன் போன்ல போட்டுக்கிட்டன். அத அப்பா கிட்ட குடுத்துட்டன், அவரு சிம்மப் போட்டு வச்சிருக்காரு."

நாராயணப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய சட்டைப் பையில் காவேரியின் போன் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"வாய்க்கால்ல தண்ணிக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பன் மாப்ள," என்றார் அவர் மெதுவாக. "அது டிங்கு டிங்குன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. என்னான்னு தொட்டுப் பாத்தன். ரெண்டு ஆளு எங்களுது, ரெண்டு ஆளு உங்களுதுன்னு போவப் போவப் புரிஞ்சுது. உங்க வில்லுக்காரன் தனியா நின்னான். அடி பட்டுடுமேன்னு கேடயக்காரன இட்டாந்து நிறுத்துனன். மறுநாளே நீங்க திருப்பி ஆடுனீங்க. சரி, மாப்ளைக்கு இன்னும் பிரியம் இருக்குது, விட்டுடக் கூடாது, இதச் சாக்கா வச்சாவது வந்துடுவாங்கன்னு..."

காவேரிக்கும் இது புதுச் செய்திதான். அப்பாவைப் பார்த்தாள், பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் ஆடறன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"அதனாலதான் வரலயா?"

"நீ பேசிக்கிட்டுதான இருக்கறன்னு..." என்றான் குரு. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது.

காவேரி சிரித்தாள். "ஞாயித்துக்கெழமையில பஸ்சு வர்ற சத்தம் கேட்டா வெளிய வந்து நிப்பன். வந்தீங்கன்னா திட்டறதுக்கு என்னென்னவோ சேத்து வச்சிருந்தன். திட்டிட்டு, உங்க கூடவே வந்துடலாம்னுதான் இருந்தன். பையக்கூட கட்டி வச்சிருந்தன். பண்டிகைக்கும் நீங்க வரல. அன்னிக்கு அவுத்துட்டன்."

நாராயணப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நாந்தான் கெடுத்துட்டன். நான் அதத் தொடாம இருந்திருந்தா மாப்ள எப்பவோ வந்திருப்பாங்க."

"நீ சும்மா இருப்பா. நீ அவரு ஆளத்தான காப்பாத்துன." குரல் உயராமல்தான் பேசினாள். "கூழ் கம்பெனில வேலைக்குச் சேந்துட்டன். காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடறன். அப்பா மொகத்தப் பாத்துப் பேசிச் சாப்புடறன். எனக்கு இது போதும். இனிமே அங்க வர மாட்டன்."

"தப்புதான் காவேரி. அன்னிக்குக் கூப்பிடாதது தப்பு, இப்ப வராததும் தப்பு. எல்லாம் என் தப்புதான். வா, போலாம்."

"அன்னிக்கு நீங்க கூப்பிடாதத நான் எப்பவோ விட்டுட்டன்," என்றாள் அவள். "அஞ்சு மாசம் வயித்துல இருந்துச்சே. அப்பா துணியில சுத்தி மடியில வெச்சு இட்டாந்தாரு. எங்க பொதச்சீங்கன்னு யாரயாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், முடிந்துவிட்டது என்று அவனும் எடுத்துக்கொண்டான்.

"எங்க காவேரி?"

நாராயணப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வழி காட்டுவதற்காக வாசல் பக்கம் நடந்தார்.

"நில்லுப்பா," என்றாள் காவேரி. அவர் நின்றுவிட்டார். அவள் குருவைப் பார்த்தாள். "அத மட்டும் எங்கிட்டயே விட்டுடுங்க."

அவன் கையிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் உள்ளே போய் இலை போட்டாள். "பஸ்சுக்கு நேரமிருக்குது, சாப்ட்டுட்டுப் போங்க," என்றாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.